பைன் மரத்தில் அப்பா பெயர்

அன்புள்ள அம்மாவுக்கு, கௌகோ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகவே இருக்கிறேன்.

அப்பா மரக்கட்டைகளை மிதக்கவிட்ட ஆற்றில்தான் இப்போது சுற்றுலா வருபவர்களின் கயாக் படகுப் பயணத்துக்கு வழி பார்க்கிறோம். காபிக்கு இறங்க முதலாளி செப்போ எந்த இடத்தைப் பிடித்தார் தெரியுமா? அப்பா மூழ்கிப்போனபோது கூட வேலை செய்தவர்கள் சிலுவையும் பெயரும் செதுக்கினார்களே, அந்தப் பைன் மரத்தடியை. செப்போ ஹெல்சிங்கிக்காரர். அது யார் பெயரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

“இங்க செத்தவன் கதைய நீயே சொல்லுப்பா. காபியோட கேட்டா ஜனங்க சொக்கிப்போயிடுவாங்க” என்றார். ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

“கதை பிரமாதம். கடைசியில தொண்டை அடைக்கிற மாதிரி பண்ற பாரு, அதான் நடிப்புன்னு தெரிஞ்சிடுது. கொறச்சுக்கோ.”

சிரித்துவைத்தேன். நீ கவலைப்படாதே.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு, படகில் கால் விறைக்கிறது. தபால் வண்டி நிற்கிறது, அவசரமாக முடிக்கிறேன். அப்பாவின் இடுப்புக் கத்தியையும் சேர்த்து அனுப்பு. முதல் கூட்டம் வருவதற்குள் அந்தப் பெயரை நானே மரத்திலிருந்து செதுக்கி எடுத்துவிடுகிறேன்.

உன் மகன்,
கௌகோ