ஒரே பேசின்

ஆற்றோரக் குடியிருப்பு, கிழக்கு ஸ்லோவாக்கியா
9 ஏப்ரல் 2006

அன்புள்ள மர்கிதா அக்காவுக்கு,

இபோயா எழுதுவது. எல்லோரும் நலம். நீ அனுப்பிய சாக்லேட்டை உன் மகள் எரிகா யாருக்கும் காட்டாமல் தின்று தீர்த்து, வயிற்று வலி என்று என்னைப் படுத்தி எடுத்துவிட்டாள்.

என் பள்ளிக்கூடம் சமையலறையில்தான் நடக்கிறது. ஊராட்சியில் நம் ரோமா இனப் பிள்ளைகளுக்காக ஓர் அறை கேட்டேன். "ரோமா பிள்ளைங்களுக்கு அறையா? ஜன்னலப் பேத்து அடுப்புல வச்சிருவீங்க" என்று அங்கிருந்த குமாஸ்தா சிரித்தான். திபோர் மட்டும் என்ன, "சம்பளமில்லாத டீச்சரம்மா, புருஷனுக்கு உருளைக்கிழங்காச்சும் வேகுமா?" என்கிறார். கேலி செய்துகொண்டே பிள்ளைகளுக்கு விறகு பிளந்து தருகிறார்.

எரிகா எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். ஆனால் ஜூனில் பள்ளிச் சேர்க்கைத் தேர்வு. மந்தம் என்று எழுதிவிட்டால் சிறப்புப் பள்ளிதான், அப்புறம் எந்தக் கதவும் திறக்காது.

உன் தங்கை,
இபோயா

லீட்ஸ், இங்கிலாந்து
2 மே 2006

அன்பு இபோயா,

என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சிறப்புப் பள்ளியில் பொம்மைக்கு வண்ணம் தீட்டியே வளர்ந்தவள் நான். உன் பழைய புத்தகங்களால்தான் இவ்வளவாவது எழுதுகிறேன். தேர்வன்று வந்த காய்ச்சல்தான் உன்னைக் காப்பாற்றியது. தேர்வுக்குப் போகாமலே நல்ல பள்ளியில் சேர்ந்துவிட்டாய்.

நான் மந்தம், அது தெரிந்ததுதான். இந்தக் கோழித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் ஏதாவது கேட்டால், பதில் தெரிந்தாலும் வாயைத் திறக்க மாட்டேன். தப்பாகத்தானே இருக்கும். எரிகாவும் என்னைப் போலப் பிறந்திருந்தால்? நீ எவ்வளவு கத்தினாலும் ஏறாதே. எனக்குப் பயமாக இருக்கிறது.

அவளுக்கு என் முத்தங்கள்.

மர்கிதா

ஆற்றோரக் குடியிருப்பு
11 ஜூன் 2006

அக்கா,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. எரிகா வாசித்தாள், அக்கா. ஒரு பக்கம் முழுவதும் திக்காமல் வாசித்தாள். தேர்வு நடத்திய அதிகாரி அம்மாவே புருவத்தை உயர்த்தினாள்.

அப்புறம் படங்களை வைத்தாள். தட்டு, கரண்டி, சட்டை, காலுறை, ஒரு பேசின்.

"இந்தப் பேசின்ல எதையெல்லாம் கழுவலாம், காட்டு கண்ணு."

எரிகா தட்டையும் கரண்டியையும் தொட்டாள்.

"சட்டை?"

"ச்சீ! சாப்புடுற தட்டு கழுவுறதுலயா? துணிக்கு வேற பேசின் இருக்குல்ல!"

"பேசின்னா பேசின்தான். இதுகூடத் தெரியலயா உனக்கு?"

இப்படியே இன்னும் சில படங்கள். நான் கதவோரம் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். பேசினால் வெளியே போகச் சொல்வார்களோ என்று பயம். கடைசியில் சிறப்புப் பள்ளி என்று எழுதிவிட்டார்கள். தாயின் கையெழுத்து வேண்டுமாம், காகிதம் உனக்கு வரும். போட்டுவிடாதே!

அவளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மா மாதிரி ரோமா அல்லாத காஜோக்கள் வீட்டில் தட்டையும் காலுறையையும் ஒரே பேசினில் போடுவார்கள் என்று சொல்லிக் கொடுக்கத் தோன்றவில்லை. வந்ததிலிருந்து அவள் புத்தகத்தைத் தொடவில்லை. "சித்தி, நான் மந்தமா?" என்று கேட்கிறாள். என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

இபோயா

லீட்ஸ்
20 ஜூன் 2006

இபோயா,

காகிதம் வந்தது. உன் கடிதமும் வந்தது. உன் கடிதத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் வாசித்தேன். மணி அடித்த பிறகும் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கும் அந்தப் பேசின் படத்தைக் காட்டினார்கள். நானும் ச்சீ என்றுதான் சொன்னேன். அந்த ஆள் தலையை ஆட்டிக்கொண்டே எழுதியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. என்ன தப்புச் செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை. மூளை சரியில்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். இத்தனை வருஷமும் அதை நம்பித்தான் வாழ்ந்திருக்கிறேன். அழுகை வரவில்லை, இபோயா. கோபம்தான் வருகிறது. உன் மேல் இல்லை.

கையெழுத்துப் போடவில்லை. சூப்பர்வைசரிடம் போய் வாயைத் திறந்து விடுப்புக் கேட்டேன். கொடுத்துவிட்டான்! அடுத்த வாரம் சனிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன்.

நம் வீட்டுப் பேசின்கள் இரண்டையும் எடுத்து வை. அந்த அம்மாவின் மேஜைமேல் இரண்டையும் வைத்து, "நீங்க எதுல சாப்பாட்டுத் தட்டு கழுவுவீங்க?" என்று கேட்கப் போகிறேன். நீ பக்கத்தில் நில்.

எரிகா கேட்டதற்குப் பதிலை நீ சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. இந்த வரியை அவளே வாசிக்கட்டும்:

நீ மந்தம் இல்லை, கண்ணே. அம்மாவும் இல்லை.

மர்கிதா