தூறலைத் துடைத்த ஏஐ

வியாழன், இரவு.

இன்னும் கோபம் அடங்கவில்லை. அனிமேஷன் படம் சீக்கிரம் முடியட்டும் என்று காட்சிகளைச் சிறியதாக, புள்ளி புள்ளியாகவே கணினியில் ரெண்டர் செய்து படமாக்கினேன். புள்ளிகளைத் துடைத்துப் பெரிதாக்கும் வேலையை ஏஐயிடம் விட்டேன். அது கதை நடக்கும் நாகலூர் மலைத் தூறலையும் புள்ளியென்று துடைத்துவிட்டது. இப்போது படத்தில் தங்கச்சிச் சிறுமி காய்ந்த சாலையில் குடை பிடித்துப் போகிறாள்.

சேலத்திலிருந்து முதலாளி போனில், “குடையையும் எடுத்துடு கண்ணு, சோலி முடிஞ்சுது” என்றார்.

“அந்தக் குடைக்குத்தானுங்க அக்காளும் தங்கச்சியும் சண்டை போடறாங்க. மழை இல்லாட்டி கதையே இல்லீங்க. எடுக்க மாட்டனுங்க.”

“அப்ப வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“பாத்துக்கோங்க” என்று போனை வைத்துவிட்டேன்.

பிறகு தூறலை மட்டும் தனியாக ரெண்டர் செய்து, ஏஐ துடைத்த படத்தின்மேல் சேர்த்து, மாலையில் அனுப்பினேன். முதலாளி பார்த்துவிட்டார்; இனி அவர் முடிவு. வேலை போனால் போகட்டும். அந்தச் சிறுமி மழையில்தான் நடப்பாள்.