ஆறுக்கு அடுத்த புள்ளி

ஜூலை 4, சனி
காற்று. ஆடி பிறக்கவே நாள் இருக்கிறது, அதற்குள் கட்டில்வரை கரிசல் புழுதி. விடிந்ததும் தெருமுனையில் சிவகாசி பட்டாசு ஆலை வேனின் ஹாரன். சீசன்.

செய்ய வேண்டியவை: மூன்றாம் அத்தியாயம். கொடித் துணி. அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை.

அத்தியாயம் நிற்க மாட்டேன் என்கிறது. ஒரு கோளத்தை இன்னொரு கோளத்தின் மேல் ஐந்து அடுக்காகப் போர்த்துகிறேன். மற்ற எல்லா இடத்திலும் அடுக்குகள் தனித்தனி. சில புள்ளிகளின் மேல் மட்டும் இரண்டு அடுக்கு ஒட்டிக்கொள்ளும். அவை கிளைப்புள்ளிகள். சூத்திரப்படி எட்டு இருக்க வேண்டும். என்னிடம் ஒன்பது. வெள்ளிக்கிழமை ஆய்வேடு கொடுக்க வேண்டும். இது விழுந்தால் ஆறு வருஷ உழைப்பும் விழும்.

ஜூலை 5, ஞாயிறு
ஒன்பதில் எது பொய்? ஒவ்வொன்றாக மறுபடி போட்டுப் பார்த்தேன். எல்லாம் நிஜம். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தான் ஆக வேண்டும்.

அம்மா முருங்கைக்காய் எண்ணினாள். "அஞ்சு, ஆறு, இன்னொண்ணு, எட்டு." பிறகு என் நோட்டை எட்டிப் பார்த்தாள். "எம்புட்டு நேரந்தான் வட்டமே போடுவ புள்ள? கண்ணு போயிரும்."

ஜூலை 6, திங்கள்
மதியம் கரண்ட் இல்லை. விசிறி அட்டையோடு கணக்கு.

கிளைப்புள்ளிகளைக் கோளத்திலிருந்து எடுத்துவிட்டால் தூரமே மாறிவிடும். அதிபரவளையத் தூரம். எடுத்த இடத்தை நோக்கி எவ்வளவு நடந்தாலும் போய்ச் சேர முடியாது. அதைச் சுற்றி வரும் வட்டம் மட்டும் சிறுத்துக்கொண்டே போகும்.

நான் பிளஸ் டூ படித்த வருஷம், பட்டாசு ஆலையில் அக்கா வேலை பார்த்த மருந்து அறை வெடித்தது. அக்கா வீடு திரும்பவில்லை. இடிந்ததை அள்ளிவிட்டு அந்த நம்பரையும் எடுத்துவிட்டார்கள். இப்போது ஆறாம் அறைக்கு அடுத்தது எட்டு. அம்மா அதன் பிறகும் நாலு சீசன் அதே ஆலைக்குப் போனாள். அந்த இடத்தைச் சுற்றித்தான் நடப்பாள். ஒரு நாளும் மிதித்ததில்லை. வீட்டிலும் அந்த நம்பரைச் சொல்வதில்லை.

ஜூலை 8, புதன்
மதுரையில் இருக்கும் கைடு மேடத்துக்கு, புள்ளிகளுக்கு நம்பர் போட்ட படத்தை அனுப்பினேன். உடனே போன்.

"ஒன்பதுன்னு எப்படிம்மா சொல்ற?"

"கடைசிப் புள்ளிக்கு நம்பர் ஒன்பது மேடம்."

"ஆறுக்கு அடுத்து எட்டு போட்டிருக்க. எண்ணிப் பாரு, எட்டுப் புள்ளிதான் இருக்கு. ஏழு எங்க?"

விரல் வைத்து எண்ணினேன். எட்டுதான். ஒரு மாதமாக இல்லாத புள்ளியைத் தேடியிருக்கிறேன். அத்தியாயம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை.

இந்த டைரியைப் பின்னால் புரட்டினேன். நேற்றைய பக்கம் காலி. ஜூனில் அதே தேதி காலி. மே, ஏப்ரல், ஜனவரிவரை அப்படித்தான். நானே விட்டது, எனக்கே தெரியாமல். பயமாக இருக்கிறது.

ஜூலை 7, செவ்வாய் (புதனன்று எழுதுவது)
செல்வி அக்கா. மருந்து அறை ஏழு. வயது இருபத்தொன்று. முதல் சம்பளத்தில் எனக்கு காம்பஸ் பெட்டி வாங்கித் தந்தவள். அதே காம்பஸில்தான் இன்னும் வட்டம் போடுகிறேன்.

படத்தில் எட்டையும் ஒன்பதையும் அடித்து ஏழு, எட்டு என்று திருத்தினேன்.

அடுப்படியில் அம்மா தோசை எண்ணிக்கொண்டிருந்தாள். "அஞ்சு, ஆறு, இன்னொண்ணு..."

"ஏழு" என்றேன். சத்தமாக.

அம்மா என் பக்கம் திரும்பவில்லை. வாசலைப் பார்த்தாள்.