பொசிஷன் என்று ஒரு கட்டம்

டிக்கியைத் திறந்ததும் ரப்பர் வாடை முகத்தில் அடித்தது. ஷார்ஜாவின் ஆகஸ்ட் வெயிலில் நிறுத்திய காருக்குள் எது இருந்தாலும் பாதி வெந்துதான் இருக்கும். உன் பாஸ்கெட்பால் ஒரு பக்கம் சப்பிப்போய்க் கிடந்தது. பம்பை எடுத்து, ஊசியை வால்வில் வைத்து அழுத்தப் போனவன் நிறுத்திக்கொண்டேன். "எச்சி தொட்டுக் குத்துடா, என்ஜினியரு. காஞ்ச ஊசி வால்வக் கிழிச்சிரும்." என் அவசரத்தில் இரண்டு பந்துகள் வீணான பிறகு நீ சொன்னது. ஊசியை நாக்கில் வைத்து நனைத்தேன். தூசி ருசித்தது. பந்து மெதுவாக உப்பி வந்தது.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இப்படியெல்லாம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. நான் எழுதுவது ஏசி பிளாண்ட் சர்வீஸ் ரிப்போர்ட்: என்ன கோளாறு, யாரால் வந்தது, எப்படிச் சரியானது. அதே வரிசையில் இதையும் எழுதிவிடுகிறேன். கோளாறு என்னால் வந்தது.

நாம் எப்படிச் சேர்ந்தோம் என்று இப்போது யோசித்தால் சிரிப்புதான். நான் திருச்சியில் கான்வென்ட்டில் படித்தவன். கண்ணாடி போர்டு மாட்டிய கோர்ட்டில் ஆடியவன். நீ சிவகங்கைப் பக்கம், செங்கல் சூளை வேலைக்காரர் மகன். இங்கே சஜா தொழிலாளர் கேம்ப்பிலிருந்து போய் சாரம் கட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூங்கா கோர்ட்டில் நாங்கள் நாலு பேர் ஆடிக்கொண்டிருந்தபோது கம்பிவேலிக்கு வெளியே நின்றாய். ஆறடி இரண்டு அங்குலம். கயிறு மாதிரி முறுக்கேறிய கை. "ஆடத் தெரியுமா?" என்றேன். "கொஞ்சம்" என்றாய். உன்னை நேராக ரிங்குக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன். இடித்துத் தள்ளு, பந்தைப் பிடுங்கு, என்னிடம் கொடு. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நான் என்ஜினியர் இல்லையா.

மூன்று மாதம் நீயும் அப்படியே ஆடினாய். பந்து என்னுடையது, கார் என்னுடையது. நீ மறுபேச்சுப் பேசாததற்கு அதுதான் காரணம் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

ஆட்டம் முடிந்து ரோலா கடைத்தெருவில் கரக் டீ குடிக்கும்போது ஒருநாள் நான் பிரசங்கம் செய்தேன். பெரிய பெரிய ஆட்டக்காரன் எல்லாம் ஏழையாகப் பிறந்தவன். பசியில் வருகிற வெறி வசதியானவனுக்கு வராது. அது ரத்தத்திலேயே இருக்க வேண்டும் என்று. நீ பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய்.

"பசிச்சா குதிக்க வராதுடா. உக்காரத்தான் வரும்."

"அப்போ நீ எப்படி ஆடுற?"

"எங்க தெருவுல பசியோட திரிஞ்சவன் நாப்பது பேரு இருப்பான். ஒருத்தனும் பந்தத் தொட்டதில்ல. நான் உசரமா இருக்கேன்னு பி.டி. வாத்தியார் ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்ல சேத்துவிட்டாரு. காலைல முட்டை, பாலு. அதனால ஆடுறேன். வெறியாம் வெறி."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காதில் ஏறவில்லை. நான் கணக்குப் படித்தவன். ஆடி ஜெயித்த ஒருத்தனை மட்டும் எண்ணிவிட்டு மீதி நாற்பது பேரை விட்டுவிட்டேன் என்பது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் புஜைரா கம்பெனி. எண்ணெய் டாங்குகள் வைத்திருக்கிற கம்பெனி. லீகில் ஆடுவதற்கென்றே சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். ஆட்டம் இல்லாத நாளில் ஸ்டோரில் டூட்டி, ஏசிக்குள். உன் கான்ட்ராக்ட் முடிய இரண்டு மாதம் இருந்தது. அந்த ஜூனில் நீ சாரத்தின் மேலேயே ஒருமுறை கண் இருட்டி, பெல்ட்டில் தொங்கியிருக்கிறாய். இது கிடைத்தால் ஸ்டோர், கிடைக்காவிட்டால் மறுபடி சாரம். அவ்வளவுதான் கணக்கு.

ஃபார்ம் இங்கிலீஷில் இருந்தது. வழக்கம்போல நான்தான் நிரப்பினேன். கேம்ப் ஆட்களின் லீவ் லெட்டர், பேங்க் ஃபார்ம் எல்லாம் என் கைக்குத்தான் வரும்; ஐந்து நிமிடத்தில் முடித்து, "இங்க கையெழுத்துப் போடு" என்று நீட்டுவேன். உனக்கும் அப்படியே நீட்டினேன். நீயும் போட்டாய்.

துபாயில் ஒரு இன்டோர் ஹாலில் தேர்வு. பயிற்சியாளர் பிலிப்பைன்ஸ்காரர், குள்ளமானவர், வாயில் எப்போதும் சூயிங்கம். ஃபார்மைப் பார்த்தார், ரிங்குக்குக் கீழே கையைக் காட்டினார். அங்கே உன்னைவிட அரையடி உயரமாக ஒருத்தன் நின்றான். பத்து நிமிடத்தில் நாலு தடவை தரையில் விழுந்தாய். ஐந்தாவது தடவை எழுந்தபோது முழங்கையில் ரத்தம். பயிற்சியாளர் உன் ஃபார்மை மேஜையின் இடது பக்கம் வைத்தார். இடது பக்கம் என்றால் கலாஸ், கதை முடிந்தது என்று எல்லோருக்கும் தெரியும்.

நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்தாய். சட்டையால் முழங்கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாய்: "ஃபார்ம்ல என்னடா எழுதுன?"

சொன்னேன். பொசிஷன்: செண்டர், அதாவது ரிங்குக்குக் கீழே நிற்கிறவன். பலம்: நல்ல உடல்வலு, கடின உழைப்பாளி.

நீ துடைப்பதை நிறுத்தினாய். பிறகு மெதுவாக, "ஹாஸ்டல்ல ஆறு வருஷம் பாயிண்ட் கார்டு ஆடுனேன்டா. பின்னால நின்னு பந்தப் பிரிச்சுக் குடுத்து டீமை நடத்துனது நான். என் கையப் பாத்து எழுதுனியா, ஆட்டத்தப் பாத்து எழுதுனியா?"

"நீ ஏண்டா சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

எழுந்து பயிற்சியாளரிடம் போனேன். ஃபார்ம் தப்பு, நிரப்பியது நான் என்றேன். "அவன் கையெழுத்துப் போட்டிருக்கிறானே" என்றார். "நான் போடச் சொன்னேன், போட்டான். அவனை நான் கேட்கவே இல்லை" என்றேன். அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல என் காது சூடாகிவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைசி பேட்ச்சில் ஐந்து நிமிடம் தருவதாகச் சொன்னார்.

அந்த ஐந்து நிமிடம் என் கண்ணிலேயே இருக்கிறது. நீ ஒரு தடவைகூட ரிங் பக்கம் போகவில்லை. பந்தைத் தட்டிக்கொண்டே முகத்தை நிமிர்த்தி வைத்திருந்தாய். கூட ஆடிய நாலு பேருக்கும் தமிழ் தெரியாது. "யல்லா, இங்க... இல்ல பாய், உதர்... ஆ, அச்சா!" அரபியும் இந்தியும் சிவகங்கையும் கலந்து நீ கத்தக் கத்த, அவர்கள் ஓடினார்கள். ஓடிய இடத்துக்குப் பந்து முன்னாலேயே வந்து நின்றது. அதுவரை ஒரு பாயிண்ட்கூட எடுக்காத ஒரு நோஞ்சான் பையன் நாலு கூடை போட்டான்.

"எங்கே கற்றான்?" என்றார் பயிற்சியாளர். உன்னிடம் கேட்டுச் சொன்னேன்: ஹாஸ்டலில், தினமும் காலை ஐந்து மணி விசிலுக்கு எழுந்து. அவர் சூயிங்கத்தைத் துப்பிவிட்டு, உன் ஃபார்மை வலது பக்கம் மாற்றினார். செண்டர் என்ற சொல்லை அடித்தது அவர் பேனா இல்லை. என் பேனாவை வாங்கித்தான் அடித்தார்.

திரும்பும் வழியில் திட்டுவாய் என்று காத்திருந்தேன். நீ ஏசியைக் கூட்டி வைத்துவிட்டுத் தூங்கிப்போனாய். அடுத்த ஞாயிறு கோர்ட்டில் என் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொண்டாய். "என்ஜினியரு, நீ போய் ரிங்குக்குக் கீழ நில்லு." நின்றேன். விலா எலும்பில் இடி வாங்கினேன். நீ கொடுத்த பந்துகளில் என் வாழ்க்கையிலேயே நல்ல ஆட்டம் ஆடினேன். புஜைராவிலிருந்து நீ லீவு கிடைத்த ஞாயிறெல்லாம் பஸ் பிடித்து வந்தாய். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஸ்டோர் ரூமில் ஜாக்கெட் போட்டு உட்கார்ந்து ஒரு போட்டோ அனுப்பினாயே, "குளுருதுடா" என்று, அது இன்னும் போனில் இருக்கிறது.

போன வருஷம் லீவுக்குப் போகும்போது, உன் சம்பளத்தில் வாங்கிய இந்தப் பந்தை என் டிக்கியில் போட்டாய். "காத்து எறங்காமப் பாத்துக்க." மஞ்சள் காமாலை முற்றி மதுரை ஆஸ்பத்திரியில் நீ போனதை உன் தம்பி போனில் சொன்னான். நான் சைட்டில் இருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். பந்தைப் பல மாதம் தொடவில்லை. காற்று இறங்கிவிட்டது. மன்னித்துக்கொள்.

இன்றைக்கு ஏன் எடுத்தேன் என்றால், நம்ம டீமுக்குப் புது ஆள். நைஜீரியாக்காரன், ஒரு மாலில் செக்யூரிட்டி, உன்னைவிட உயரம். பார்த்ததும் நம்ம ஆட்கள் குதித்தார்கள்: "செண்டர் கெடச்சாச்சு!" லீகுக்குப் பெயர் கொடுக்க அவன் ஃபார்மை நான்தான் நிரப்பிக்கொண்டிருந்தேன். பேனா பொசிஷன் கட்டத்தின் மேல் போய்விட்டது. எடுத்துவிட்டுக் கேட்டேன், எந்த இடத்தில் ஆடுவாய் என்று.

அவன் சிரித்தான். பந்தையே தொட்டதில்லையாம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். இவன் அக்கவுண்டன்சி முடித்தவன். இந்த ஊருக்கு வந்த நாளாகப் பார்க்கிறவனெல்லாம் ஆட வா என்று கூப்பிடுகிறான். அவனைக் கேட்டுப் பார்த்த முதல் ஆள் நான்தானாம். "ஆனால் கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது" என்றான்.

உன் பந்தை அவன் கையில் கொடுத்தேன். முதல் தட்டிலேயே அது அவன் காலில் பட்டு வேலி வரை ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், அவனும்தான். ஃபார்மை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். அந்தக் கட்டத்தில் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. அவன் ஆடட்டும், பார்த்துவிட்டு எழுதலாம். எனக்கு அவசரமில்லை. இதை நான் சொன்னேன் என்றால் நீ நம்பமாட்டாய்.