பின்வரிசையில் மூன்றாவது முகம்

அக்கா, முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் தங்கா பத்துவில் ஒரு விருந்து. பக்கத்து இலைக்காரர் அச்சார் ஊறுகாய்ப் பாட்டிலைத் திறந்தார். வினிகர் வாடை மூக்கில் ஏறியதும் சோற்றை விட்டு எழுந்து ஓடிவிட்டேன். வயிற்றுக் கோளாறு என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை. அச்சாருக்குப் பயந்து ஓடினான் என்பதற்கு அது எவ்வளவோ கௌரவம்.

படம் கழுவும் உங்கள் இருட்டறையில், மருந்துத் தட்டில், அதே வாடைதான். காட்டுக்குள் பதுங்கிய கம்யூனிஸ்டுகளை வெள்ளைக்காரன் வேட்டையாடிய எமர்ஜன்சி காலம். ஸ்டூடியோ முதலாளியான உங்கள் கணவர் தோட்டம் தோட்டமாகப் போய் அடையாளக் கார்டுக்குப் படம் பிடிப்பார். அவற்றைக் கழுவிப் பெரிதாக்குவது நீங்கள். முன்னறையில் உட்கார்ந்து வருகிறவர்களைத் தலை சீவ வைப்பதும் ஊர்வம்பு அளப்பதும் நான்.

அன்று மத்தியானம் மஃப்டியில் ஒரு போலீஸ்காரர், நம்ம தமிழ் ஆள்தான், ஒரு நெகட்டிவை நீட்டினார். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டத்தில் நடந்த கல்யாணப் படம்.

"பின்வரிசை, இடது பக்கமிருந்து மூணாவது ஆளு. மூஞ்சி மட்டும் பெருசா வேணும். நாலு மணிக்கு வரேன்."

காரணம் சொல்லவில்லை. அவர் தலை மறைந்ததும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மூன்றாவது ஆள் நான். அழைப்பில்லாமல் போய்ச் சாப்பிட்ட கல்யாணம். அதுகூடப் பரவாயில்லை. படத்தில் என் கை கிடந்த தோள், இரண்டு மாதம் கழித்துக் காட்டுக்குள் போய்விட்டதாக ஊரே கிசுகிசுத்த ஒருவனுடையது. விசாரணையில்லாமல் ஆளை உள்ளே வைக்க அந்த நாட்களில் அந்தத் தோளே போதும்.

உள்ளே ஓடிவந்து, கொஞ்சம் மங்கலாகப் போட்டுக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். நீங்கள் தலை நிமிரவில்லை.

"மங்கலா குடுத்தா நம்ம மறைக்கிறோம்னு நெனைப்பாங்க தம்பி. அப்புறம் ஒனக்குத் துணைக்கு நானும் வரணும்."

என்லார்ஜரிலிருந்து பலகைமேல் விழும் உருவத்தில் அந்தச் சின்னப் போகஸ் கண்ணாடியை வைத்துக் குனிவீர்கள். உப்பைத் தூவியதுபோல் பிலிமின் பொடிகள் அதில் பெரிதாகத் தெரியும். பொடி கூர்மையானால் படம் கூர்மை. ஆனால் கண்ணாடிக்குள் இருக்கும் மயிரிழைக் கோடு முதலில் பார்ப்பவர் கண்ணுக்குத் தெளிவாக இருக்க வேண்டும்; இல்லாவிட்டால் கண்ணாடியில் கூர்மை, தாளில் மங்கல். உங்கள் கண்ணுக்கென்று திருகி வைத்தது. வேறு யாரும் தொடமாட்டோம்.

வெக்கையில் டெவலப்பர் சூடேறிவிட்டதென்று எதிர்க்கடைக்கு ஐஸ் வாங்கப் போனீர்கள். நான் தொட்டேன். அரைச்சுற்று.

திரும்பி வந்து குனிந்தீர்கள், பொடியைப் பார்த்து என்லார்ஜரைச் சரிசெய்தீர்கள், தாளை வைத்தீர்கள். சிவப்பு வெளிச்சத்தில், தட்டுக்குள் என் மூஞ்சி ஆறிப்போன கஞ்சிபோல் மிதந்து வந்தது. பெற்ற தாயே அடையாளம் சொல்லமாட்டாள். நிம்மதியாக மூச்சு விட்டேன். அதுதான் தப்பு. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். பிறகு போகஸ் கண்ணாடிக்குள் பார்த்தீர்கள்.

"கோடு எங்கடா?"

மணி மூன்றரை. திட்டுவீர்கள் என்று பார்த்தால், கோட்டைப் பழையபடி திருகிக்கொண்டு இன்னொரு தாளை எடுத்தீர்கள். இந்த முறை மீசை ஒவ்வொரு மயிராக எழுந்து வந்தது.

"நல்லா பாரு. சோத்துக்கு வந்தவன் சிரிப்பு இது. மங்கலா இருந்தா எவன் மூஞ்சியும் திருட்டு மூஞ்சிதான்."

நாலு மணிக்கு அவர் வந்தார். உறையைத் திறந்து பார்த்தார், சட்டைப்பையில் செருகிக்கொண்டு போனார். பிறகு பல மாதம், ஜீப் சத்தம் கேட்டாலே நான் கொல்லைப்புறத்தில் இருப்பேன். யாரும் வரவில்லை. அக்காவின் கூர்மைதான் என்னைக் காப்பாற்றியது என்று எத்தனையோ பந்திகளில் சொல்லியிருக்கிறேன். இன்றும் எதையாவது கண்டு பதறினால், எதிரில் இருப்பதை நம்புவதற்கு முன் என் கண்ணின் கோடு சரியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எனக்கு விட்டுப்போனது அது.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தப் போலீஸ்காரரும் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்து. பயந்துகொண்டே அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன்.

"அதுவா? என் தங்கச்சிக்கு மாப்பிள பாத்துக்கிட்டு இருந்தோம். ஒங்களக் காட்டலாம்னு வாங்கினேன். பல்லு சந்துல கறிவேப்பில தெரியுது, வேணாம்னு சொல்லிருச்சு லா."