பாலம் இல்லாத ஜன்னல்

பிப்ரவரி 9
மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். தூணெல்லாம் விரிசல் விட்டுவிட்டதாம். எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுவார்களாம். மூன்றாம் மாடியில் பாலத்தைப் பார்த்த முன்பக்க வீடு ஓரகத்தியுடையது, பின்பக்கம் எங்களுடையது. தூசியெல்லாம் அவள் பக்கம்தான். பாவம் என்று வாய் சொன்னது. மனசு குளுகுளுவென்றுதான் இருந்தது.

ஏப்ரல் 2
இடித்து முடித்தாயிற்று. அவள் ஜன்னலில் இப்போது வானம். ஆறு வரைக்கும் தெரிகிறது! எனக்கு? வண்டிகளையெல்லாம் என் பின்தெருவுக்குத் திருப்பிவிட்டார்கள். பஸ் போனால் அலமாரித் தட்டுகள் ஆடுகின்றன. அமைதியான வீடு வேண்டும் என்று பாகம் பிரிக்கையில் அடம்பிடித்தவள் நான்தானே?

ஏப்ரல் 11
வேலை விட்டதும் இவர் நேரே தம்பி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார். "அங்க காத்து பிச்சுக்கிட்டு வருதுடி." ஏன், இங்கே வருவதற்குக் காற்றுக்குக் கால் ஒடிந்துபோச்சா?

ஜூன் 6
மகளும் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். "சித்தி வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்தா படிச்சது மண்டையில ஏறுதும்மா." சித்தி ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்க்கும் நர்ஸ். பகல் முழுக்கத் தூங்குகிறாளாம், இவள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாளாம். பெற்றது நான். காவல் அவளுக்கு.

ஜூன் 7
வயிறு எரிகிறது. சாப்பாட்டினால் இல்லை.

ஆகஸ்ட் 20
புதுத் தூண்கள் எழும்புகின்றன. துணி காயப்போட இல்லாத நாளிலும் மொட்டைமாடிக்குப் போய்ப் பார்க்கிறேன். கட்டுகிற இன்ஜினியருக்குக்கூட இவ்வளவு அக்கறை இருக்காது. சீக்கிரம் வளரு, ராசா.

அக்டோபர் 15
கீழே குடியிருப்போர் கூட்டம். இன்ஜினியர் வந்திருந்தார். முன்பக்க வீடுகளுக்கு எதிரே, பாலத்தின் ஓரத்தில், தடுப்புப் பலகை வைக்கலாமாம். சத்தம் பாதியாகும், வெளிச்சமும் குறையும். வேண்டுமா என்று ஒரு வாரத்தில் சொல்ல வேண்டும். கொழுந்தன் வெளியூரில். அவள் வேலைக்குக் கிளம்பிவிட்டாள். "அவங்ககிட்ட கேட்டுச் சொல்லிடுங்கம்மா" என்றார் இன்ஜினியர். தலையாட்டினேன்.

அக்டோபர் 23
அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் — இல்லை, மறக்கவில்லை. இங்கேயும் பொய் எழுதினால் நிஜத்தை எங்கே போய் எழுதுவது?

ஜனவரி 18
பாலம் திறந்து ஒரு வாரம். பின்தெரு பழையபடி அமைதி. அவள் ஜன்னலில் லாரிகள். கண்ணாரப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

நடுப்பகலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காதில் பஞ்சு, கண்ணெல்லாம் சிவப்பு.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து போன வருஷம் பாலம் இல்லாத கொஞ்ச மாசம்தான்க்கா நிம்மதியா தூங்கினேன். நேத்து வார்டுல ஊசி மருந்தை மாத்தி எடுத்துட்டேன். நல்லவேளை, கூட இருந்தவ பார்த்துட்டா."

உளறிக் கொட்டிட்டேன் — கூட்டம், பலகை, வேணும்னே சொல்லாம விட்டது, எல்லாம்.

அவள் சிரித்தாள். "தெரியும்க்கா. அந்த இன்ஜினியர் எனக்கும் ஃபோன் பண்ணினாரு. நான்தான் வேண்டாம்னேன். பாப்பா அங்கதானே உக்காந்து படிக்கிறா? சத்தத்துக்குப் பஞ்சு இருக்கு. இருட்டுக்கு என்ன இருக்கு?"

சே. இதுலயும் அவளேதான் ஜெயிக்கணுமா?

ஜனவரி 20
பின்னறையை ஒழித்துக் கட்டில் போட்டேன். "எதுக்குக்கா உங்களுக்குச் சிரமம்" என்று இழுத்தாள். "மூத்தவ சொல்றேன். வாயை மூடிக்கிட்டு வந்து படு" என்றேன்.

பிப்ரவரி 3
மத்தியானம். அவள் பின்னறையில். குக்கர் விசில் அடிக்கும் என்று இன்று சோற்றைப் பானையில் வைத்தேன். கீழ்வீட்டுக்காரி ஏதோ கேட்க வந்தாள், வாசலிலேயே சைகை காட்டி அனுப்பிவிட்டேன். தலையைச் சாய்த்த மறுநிமிஷம் எப்படித்தான் தூக்கம் வருகிறதோ! கொடுத்துவைத்தவள்.