பென்சிலால் எழுதிய தீர்மானம்

இந்தாம்மா,

சாவி மீட்டர் பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது. சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்றிவிட்டேன், இனிமேல் பலமாகத் திருகாதே.

வேதமும் மனுஷன் எழுதினதுதானே என்று நேற்று உன்னை அழவைத்தேன். நீ ஜெபத்துக்குப் போனபின், திறந்து வைத்திருந்த பக்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். மறைத்து வைத்த பாவத்தைப் பற்றி இருந்தது. நானும் தம்பியும் குழாய் வேலை பார்த்த அந்த மாடி வீடு தண்ணீர் கொட்டி நாசமானதே, குழாயைச் சரியாக இறுக்காமல் வந்தது தம்பி இல்லை, நான்தான். பழியை அவன் தலையில் போட்டேன், அவனுக்கு வேலை போனது. பதினோரு வருஷமாகப் பெண்டாட்டி உன்னிடம்கூட வாய் திறக்கவில்லை. பிறகு அந்தப் புத்தகத்துக்கு யார் சொன்னது? அது மனுஷன் வேலை இல்லை.

அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். இந்தத் தீர்மானத்தை வேதத்தின் முதல் தாளில் எழுதியிருக்கிறேன், பென்சிலால்தான். யாரையும் நம்பாதவன், என்னை மட்டும் நம்புவேனா? ஏற்கெனவே இரண்டு தடவை அவன் வாசல்வரை போய்த் திரும்பியாயிற்று.

சோறு கொஞ்சம் கூடுதலாகவே வை. தம்பி வந்தாலும் வருவான்.

இன்னொன்று. பேனாவைத் தேடி எடுத்து வை, சொல்லிவிட்டு வந்தால் அந்தப் பென்சில் எழுத்தின்மேலேயே எழுதிவிடுகிறேன். நான் அவனிடம் சொல்லாமலே திரும்பி வந்து அதை அழிக்க ரப்பர் கேட்டால், கதவைத் திறக்காதே.